ஒரே விரலுக்கு ஏழு மோதிரம்

அத்தியாயம் ஐந்து

இருபத்தாறு வருடம் நான் ராணுவத்தின் குண்டு லாரி ஓட்டினேன். பன்னிரண்டாயிரம் பீரங்கிக் குண்டுகளை இந்தக் கைகளால் தூக்கியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உயிருள்ளவை, எந்த நேரமும் வெடிக்கக்கூடியவை. ஒன்றுகூட என்னைக் கீறியதில்லை. என் வலது சுண்டுவிரலை ஒன்பது வயதில் ஒரு வாத்து கொண்டுபோயிற்று. இடது சுண்டுவிரலை ஒரு காப்பிக்கடைக்காரன் எடுத்துக்கொண்டான். வாத்தை நான் மன்னித்துவிட்டேன்.

நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை அது. காலை ஒன்பது மணி. ஈப்பர் நகரத்தில் பவுலா மேடத்தின் சமையலறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

பவுலா மேடம் முப்பது வருடம் நகை செய்தவர். கணவர் போன பிறகு துப்பறிய ஆரம்பித்தார். முதலில் துப்பறிந்தது கணவர் எங்கே போனார் என்பதைத்தான். நான் அவருடைய உதவியாளன். திங்கட்கிழமை லாரிக்கு ஓய்வு. எனக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது ஆள் சுல்மா. ஸ்வானஹூக் கிராமத்து ஆகீலின் மனைவி. நெற்றியில் ஆறு தையல். செத்துப்போன ரெமியின் தம்பிகள் இரண்டு பேர் முந்தின நாள் அவள் வீட்டு ஜன்னலுக்குள் செங்கல் எறிந்திருந்தார்கள். நாயை மண்வெட்டியால் அடித்துக் கொன்று வாசல்படியில் நீட்டிக் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"நாய் என்ன பண்ணுச்சு?" என்றாள் சுல்மா. "அதுக்கு ரெமியை ரொம்பப் பிடிக்கும்."

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆகீல் தன் சர்க்கரை பீட் நிலத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ரெமி மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய மெட்டல் டிடெக்டர் இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரெமி பழைய போர்ச் சாமான் தேடுகிறவன். தோண்டி எடுத்த பித்தானுக்குக்கூட எந்தப் படை, எந்த வருடம் என்று சொல்லக்கூடியவன். ஆகீலோ மூன்று வாரம் முன்னால், ஊர் முழுக்கக் கேட்க, "இனி எவனாவது எங்கிட்ட கேட்காம என் நிலத்துல கருவியோட நுழைஞ்சா மண்டையைப் பிளப்பேன்" என்று சொல்லியிருந்தான்.

செத்தவனின் மூடிய கைக்குள் ஓர் அலுமினிய மோதிரம் இருந்தது. மேலே ஒரு சிங்கம், 1916 என்ற பொறிப்பு.

ஆகீல் ஒரு காலத்தில் அதே மாதிரி மோதிரம் போட்டிருந்தான். அவன் அப்பா பதுங்குகுழியில் உட்கார்ந்து, எதிரிக் குண்டின் அலுமினிய மூக்கை அறுத்து, அரத்தால் ராவி, பின்னால் ஆகீலுக்கு அம்மாவாகப் போகிற பெண்ணுக்காகச் செய்தது. சண்டையில் ரெமி அதைப் பிடுங்கிவிட்டான் என்றது போலீஸ். அது பதினோரு வருடம் முன்னாலேயே தொலைந்துபோனது என்றான் ஆகீல். மதியம் ஒரு மணிக்கு மாஜிஸ்திரேட் அவனை ப்ரூகஸ் சிறைக்கு அனுப்புகிறார். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் கமீலுக்கு ஒரு காகிதம் தேவை: 'முதல் உலகப் போர்க்காலத்தில் சிப்பாய் கையால் செய்த மோதிரம்.' கையெழுத்துப் போட ஈப்பரில் பவுலா மேடத்தை விட்டால் ஆளில்லை. அதனால்தான் மோதிரம் எங்கள் மேசையில் ஓர் உறைக்குள் கிடந்தது.

"ஆயுதம் கிடைச்சுதா?" மேடம் கேட்டார்.

"வீட்டுல இருந்த சுத்தியல் அத்தனையையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணுலயும் ரத்தம் இல்லையாம். காயம் உருண்டையா, முஷ்டி அளவுல இருக்காம்."

"ஓடியல், வெள்ளிக்கிழமை காலையில அந்த ரோட்லதானே உன் லாரி போச்சு?"

"போச்சு மேடம். பனி. கம்பமும் குண்டும் தவிர எதுவும் தெரியல."

எங்கள் பக்கத்தில், அந்தப் போரில் வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டு கிடைக்காத ஆள் கிடையாது. கிடைத்ததைத் தூக்கிவந்து அவரவர் வீட்டெதிரே மின்கம்பத்தடியில் வைப்பார்கள், பால்காரனுக்குப் பாத்திரம் வைக்கிற மாதிரி. நான் போய் எடுத்துக்கொள்வேன். அன்று பதினொரு கம்பம், பதினேழு குண்டு.

"எல்லாம் சேறு," என்றேன். "ஒண்ணே ஒண்ணை மட்டும் குளிப்பாட்டித் துடைச்சு வெச்சிருந்தாங்க. பொண்ணு பார்க்க வர்றாங்களோன்னு நினைச்சேன்."

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மோதிரத்தைத் திருப்பினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை ஆகீல் போட்டதில்ல."

"அதைத்தான் நான் மூணு நாளா..." என்று சுல்மா ஆரம்பித்தாள்.

"யாருமே போட்டதில்ல. உள்பக்கம் தொட்டுப் பாரு."

தொட்டேன். பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது.

"அரம் போட்ட கீறல் அப்படியே இருக்கு. அலுமினியம் வெண்ணெய் மாதிரி. ஒரு வருஷம் விரல்ல கிடந்தாலே உள்பக்கம் வழுக்கும்."

"அப்போ ரெமி மண்ணுலேர்ந்து தோண்டினதா?"

"எழுபது வருஷம் மண்ணுல இருந்தா வெள்ளை பூத்து, அம்மை வந்த முகம் மாதிரி குழி விழுந்திருக்கும். இது போரையே பார்க்கல ஓடியல். போன மாசம் பொறந்திருக்கு."

சுல்மா மோதிரத்தை வாங்கித் தன் கட்டைவிரலில் மாட்டினாள். அதிலும் லொடலொடத்தது. "ஆகீலோடது அவன் அம்மா விரலுக்குச் செஞ்சது. அவனுக்குச் சுண்டுவிரல்லதான் நுழையும். இதைப் போட்டா குனிஞ்சாலே கழண்டு விழும். போலீஸ்ல சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நீ பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவேன்னாங்க."

மேடம் கோட்டை எடுத்து மாட்டினார். "நிலத்தைப் பார்க்கணும். கருவி வேணுமே."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றேன். ராணுவத்தின் டிடெக்டர்தான். தொண்ணூற்றொன்பது சதவீதம் தானாகவே என் காரில் ஏறிக்கொண்டது.

ரெமி விழுந்த இடத்தில் மழை ரத்தத்தைக் கழுவியிருந்தது. கழுவாத ஒரு துண்டு எலும்பை சுல்மா பார்ப்பதற்குள் நான் பூட்ஸால் மூடினேன். அங்கிருந்து நடந்தேன். நாலு எட்டில் கருவி கத்தியது. உள்ளங்கை ஆழத்தில் ஒரு மோதிரம்: சிங்கம், 1916. இன்னும் நாலு எட்டு, இன்னொரு சிங்கம். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் மொத்தம் ஆறு.

"சிப்பாய்ங்க நல்ல ஒழுக்கம் மேடம்," என்றேன். "குண்டு விழுற நேரத்துலயும் எட்டு எண்ணி, வரிசையில நின்னு, ஆளுக்கொண்ணு தொலைச்சிருக்காங்க."

"பேசாம தேடு."

கோட்டை விட்டு விலகி, மண்வெட்டி ஆழத்தில், ஏழாவது சத்தம் கேட்டது. எடுத்தது மோதிரமா, சுண்ணாம்புக் கட்டியா என்று தெரியவில்லை. மேடம் எச்சில் தொட்டுத் தேய்த்தார். வெள்ளைக்கு அடியில், பாதி கரைந்துபோய், ஒரு சிங்கத்தின் வால். மிகச் சின்ன வட்டம்.

சுல்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதான்," என்றாள். "பதினோரு வருஷமா என்னைத் திட்டினான். நான்தான் துணி தோய்க்கிறப்போ தொலைச்சேன்னு."

அவள் வீட்டுச் சமையலறைக்குப் போனோம். உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. மேடம் கூடையிலிருந்து நீளமான கேரட் ஒன்றை எடுத்தார். நகைக்கடையில் மோதிர அளவு பார்க்கக் கூம்புக் கோல் வைத்திருப்பார்கள். அதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது அந்தக் கேரட். வெள்ளை பூத்த மோதிரம் நுனியிலேயே நின்றுவிட்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டு உறையில் இருந்த மோதிரத்தைப் போட்டார். அது பாதிக்கு மேல் போய் நின்றது. அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு கீறினார். கழற்றினார். அடுத்தது. அதே கோடு. அதற்கடுத்ததும் அதே கோடு. ஏழு மோதிரத்துக்கும் ஒரே கோடு.

"சிப்பாய் யாருக்குச் செய்வான்?" மேடம் கேட்டார். "காதலிக்கு, தங்கச்சிக்கு. அவ விரல்ல நூலைச் சுத்தி, வெட்டி, கடிதத்துல வெச்சு அனுப்புவா. அந்த அளவுக்கு இவன் ராவுவான். பத்து மோதிரம்னா பத்து அளவு இருக்கும்."

"இங்க ஏழு பொண்ணுக்கும் இரும்பு அடிக்கிறவன் விரல்," என்றேன்.

"பொண்ணே இல்ல. செஞ்சவன் ஒவ்வொண்ணையும் தன் விரல்லயே போட்டுப் பார்த்திருக்கான். சுல்மா, உங்க நிலத்துல யாரு இதைப் புதைப்பா?"

சுல்மாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "நோர்பெர்ட். 'ஊமைப் பீரங்கி' காப்பிக்கடை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பஸ்ல வெளியூர்க்காரங்க வருவாங்க. ஆளுக்கொரு கருவி குடுத்து நிலத்துல விடுவான். அறுவடை முடிஞ்ச மூலையை ஆகீல்தான் வாடகைக்கு விட்டான். ஒவ்வொருத்தனும் மோதிரம் கண்டுபிடிப்பான், தாத்தாவோடதுன்னு அழுவான், அப்புறம் கடையில உக்கார்ந்து குடிப்பான்."

"வெள்ளிக்கிழமை விடியற்காலம் அவன் புதைச்சுக்கிட்டிருக்கான்," என்றார் மேடம். "பனிக்குள்ளேர்ந்து ரெமி வர்றான். ஒண்ணைத் தோண்டிப் பார்க்கிறான். ரெமிக்கு இதைப் பார்த்தா என்ன வரும்?"

"சிரிப்பு," என்றாள் சுல்மா. "பஸ் வரட்டும், எல்லாருக்கும் சொல்றேன்னு சிரிச்சிருப்பான்."

மணி பதினொன்று நாற்பத்தைந்து. மேடம் ஒரு மோதிரத்தை என் கையில் வைத்தார். "நான் கமீலுக்கு போன் போடுறேன். நீ போய் நோர்பெர்ட் விரலைப் பார்த்துட்டு வா. பார்க்கிறது மட்டும். பேசாதே."

"பேசாம எப்படி மேடம், ஊமைன்னு நினைச்சுப் பீரங்கி பக்கத்துல நிறுத்திடுவான்."

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு இன்று ஒன்பது விரல் இருந்திருக்கும்.

கடையில் ஆளில்லை. நோர்பெர்ட் கல்லாவுக்குப் பின்னால் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பொருந்தாத தோள், வாயில் முன்பக்கம் இரண்டு தங்கப்பல். மோதிரத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"வழியில கிடைச்சது. அசல்தானா?"

அவன் எடுத்தான். தங்கம் விற்கிறவன் உரசிப் பார்ப்பதும், தர்ப்பூசணி விற்கிறவன் தட்டிப் பார்ப்பதும் பழக்கம். நோர்பெர்ட் அதை வலது கை நடுவிரலில் மாட்டி, வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்தான். மோதிரம் பாட்டில் மூடி மாதிரி உட்கார்ந்தது.

"அசல்தான்," என்றான். "பாவம், எந்தச் சிப்பாயோ."

இந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

"மத்த ஆறும் இதே மாதிரி உக்காருமா கூட்டாளி?" என்று கேட்டேன்.

அவன் கோப்பையை வைத்தான். வாசல் கதவைத் தாழ் போட்டான். பிறகு என் சட்டைக் காலரையும் தலைமுடியையும் சேர்த்துப் பிடித்து, கல்லாவின் மேல் மூன்று முறை மோதினான். மூன்றாவது முறை என் முன்பல் ஒன்று சர்க்கரை ஜாடிக்குள் விழுந்தது. பின்கட்டுப் பட்டறைக்கு இழுத்துப்போனான். அங்கே அரம், அறுத்த குண்டு மூக்குகள், பாதி ராவிய சிங்கங்கள். என் இடது கையை மேசையில் பொருத்தியிருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்துப் பிடியை இறுக்கினான். அவசரத்தில் சுண்டுவிரல் மட்டும்தான் சிக்கியது. அதுவே போதும் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

"ஆறும் எங்க?"

"கேரட்ல இருக்கு," என்றேன்.

அவன் பிடியை அரைச் சுற்றுச் சுற்றினான். விரலுக்குள் உலர்ந்த குச்சி மாதிரி ஒன்று முறிந்தது.

"என்னோட விளையாடாதே. எங்க?"

"சத்தியமா கேரட்லதான்."

இன்னொரு முழுச் சுற்று. உண்மை பேசியதற்காக விரலைப் பறிகொடுத்தவன் எங்கள் மாகாணத்திலேயே நான் ஒருவன்தான். மேசையில் ரத்தம் ஓடி, சிங்கங்கள் மிதந்தன. அவன் சுத்தியலை எடுத்தான்.

"ரெமியும் சிரிச்சான்," என்றான். "ஒரே அடிதான். ரெண்டாவது அடி எனக்காக அடிச்சேன்."

அப்போது பின்கதவு கீலோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. சுல்மா நின்றாள். கையில் ராணுவத்தின் டிடெக்டர். அறுவடைக்காரிக்கு வீச்சு சொல்லித்தர வேண்டியதில்லை. கருவியின் வட்டத் தட்டு அவன் வாய்க்கு நேரே பறந்தது. வாயை நெருங்குகையில் கருவி 'பீப்' என்றது. தங்கப்பல் கண்டுபிடித்தது. இரண்டையும் எடுத்தும் கொடுத்தது.

நோர்பெர்ட் விழவில்லை. சுத்தியலை வீசினான், சுல்மாவின் முன்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தாமல் மற்றக் கையால் இன்னொருமுறை வீசினாள். முழங்கால். அவன் மடிந்தான். போன் பேசி முடித்துப் பின்னாலேயே வந்த பவுலா மேடம் சுத்தியலைக் காலால் தள்ளிவிட்டு, என் வைஸைத் தளர்த்தினார். கை வந்தது. விரல் வரவில்லை.

"பார்க்கிறது மட்டும்னேன்," என்றார்.

"பார்த்தேன் மேடம். நடுவிரல். கச்சிதம்."

இன்ஸ்பெக்டர் கமீல் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தபோது நான் ஜெனேவர் சாராயம் நிறைந்த பீர்க் கோப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் குடித்தேன். மேடம் கேரட்டை மேசையில் வைத்துக் கதையைச் சொன்னார். கமீல் கேரட்டையும் நோர்பெர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

நோர்பெர்ட் ரத்தம் துப்பினான். "போலி மோதிரம் வித்தேன். சரி. இந்தக் குடிகாரன் விரலை நசுக்கினேன். அதுவும் சரி. கொலைன்னா ஆயுதம் காட்டு. ரெமியை எதால அடிச்சேன்?"

"அடிச்சேன்னு ஓடியல்கிட்ட சொன்னியே," என்றார் மேடம்.

"அவன் பேச்சை நம்புற மாஜிஸ்திரேட் யாரு? ஊருக்குள்ள வாத்து கதை தெரியாதவன் உண்டா?"

அது நியாயமான கேள்வி. கமீல்கூடத் தலையசைத்தார். நோர்பெர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபத்தாறு. இன்னொரு முறை பார்த்தான். மேடம் அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"ஓடியல், காலையில என்னமோ சொன்னியே. குளிப்பாட்டின குண்டுன்னு. எந்தக் கம்பம்?"

எனக்குக் குடித்தது இறங்கிப்போயிற்று. "பதினாலாம் நம்பர்," என்றேன். "இந்தக் கடை வாசல்ல இருக்கே, அது."

"நோர்பெர்ட்டுக்கு நிலம் உண்டா?"

"பூந்தொட்டிகூடக் கிடையாது மேடம். காப்பிக்கடையில எப்படிக் குண்டு விளையுதுன்னு அன்னைக்கே கேட்டேன். காலையில பஸ்ல வந்த விருந்தாளி ஒருத்தன் கொண்டாந்தான்னான்."

"நீ எடுத்தப்போ மணி?"

"எட்டரை."

"பஸ் பதினோரு மணிக்கு," என்றாள் சுல்மா, முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு. "அன்னைக்கு அதுவும் வரல. போலீஸ் ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிட்டாங்க."

மேடம் மெதுவாகத்தான் பேசினார்.

"நிலத்து ஓரத்துல கிடந்த குண்டைத் தூக்கி அடிச்சே. ஏழு கிலோ இரும்பு. அடிச்சதும் ஓடியிருக்கலாம். அங்கேயே போட்டுட்டு வந்திருக்கலாம். ஆனா இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவன் குண்டை நிலத்துல விட்டுட்டு வரமாட்டான். உங்கப்பா எத்தனை அறை அறைஞ்சு சொல்லிக் குடுத்திருப்பாரு. கொலை பண்ணின கையே அதைத் தூக்கிக்கிட்டு வந்து, குழாயடியில கழுவி, உன் வாசல் கம்பத்துல ஒழுங்கா வெச்சிடுச்சு. வெச்சப்புறம்தான் இதைவிட நல்ல இடம் இல்லேன்னு உனக்கே தோணியிருக்கும். அரசாங்கமே லாரி அனுப்பி எடுத்துக்கும். எடுத்து வெடிக்க வெச்சிடும்."

கமீல் ஓரடி பின்னால் வைத்தார். "உயிருள்ள குண்டாலயா அடிச்சான்?"

"ஆளைக் கொல்லணும்னு எழுபது வருஷம் காத்திருந்தது," என்றேன். "கடைசியில வெடிக்காமயே கொன்னுடுச்சு."

மணி பன்னிரண்டரை. தூரத்தில் 'டும்' என்று பூமி குலுங்கியது. அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. குண்டுக் கிடங்குக்குப் பின்னால் தினமும் அந்த நேரத்துக்குப் பழைய குண்டுகளை வெடிக்க வைப்பார்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்டுத்தான் சூப் அடுப்பிலிருந்து இறங்கும்.

நோர்பெர்ட் பல்லில்லாத வாயால் சிரித்தான். "போச்சு," என்றான். "உங்க ஆயுதம் போச்சு."

கமீல் தொப்பியைக் கழற்றினார். சுல்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மணிக்கு இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது.

நான் சிரித்தேன். விரல் இருந்த இடம் வலித்ததால் அது நாய் ஊளை மாதிரிதான் வந்தது.

"கூட்டாளி," என்றேன், "இப்ப வெடிச்சது போன மார்ச்சுல நான் எடுத்தது. அரசாங்கத்துல எட்டு மாச வரிசை நிக்குது. உன்னது கிடங்குல கடைசி அடுக்குல மணல் பெட்டியில தூங்குது. மேலே என் கையெழுத்துல சீட்டு: கம்பம் பதினாலு, வெள்ளி, எட்டரை. ஜூலை மாசம் வந்தா நீயே கேட்கலாம். சிறையிலேர்ந்து கேட்குமான்னு தெரியல."

நோர்பெர்ட் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த முறை எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

குண்டை நானே போய் அடையாளம் காட்டினேன். வெளியே பளபளவென்று கழுவியிருந்தான். ஆனால் அடிப்பக்கம் சுற்றியிருந்த செப்புப் பட்டையின் பள்ளத்தில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு, ரெமியின் நரைமுடி மூன்று இருந்தது.

ஐந்து மணிக்கு ஆகீல் வீட்டுக்கு வந்தான். விசாரணையில் அவனுக்கும் இரண்டு விலா முறிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசல்படியில் நாய் கிடந்த இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே வந்தான். சுல்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். மேசை மேல் வெள்ளை பூத்த அந்தச் சின்ன மோதிரத்தைப் பார்த்தான்.

"துணி தோய்க்கிறப்போ தொலையல," என்றாள் சுல்மா.

"ம்," என்றான். பதினோரு வருடத் திட்டுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது போலிருக்கிறது, அழுதாள்.

ஆகீல் மோதிரத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். "என்னால இதை இனி போட முடியாது. நீ வெச்சுக்கோ ஓடியல். சின்னதுதான். ஆனா சுண்டுவிரலுக்குச் சரியா இருக்கும்."

அவன் என் இடது கைக் கட்டைப் பார்த்தான். பிறகு வலது கையைப் பார்த்தான். வாத்து நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் சிவந்துபோயிற்று.

பவுலா மேடம் மோதிரத்தை வாங்கி, மேசையில் கிடந்த கேரட்டின் நுனியில் மாட்டி, முழுக் கேரட்டையும் என் சட்டைப் பையில் செருகினார்.

"வைஸை விட இது பத்திரம்," என்றார்.